வெந்நீர் ஏன் வெதுவெதுத்தது?

தமிழில் நீரின் பெயர்கள் அதன் சூட்டை ஒட்டி அமைந்தவை. தண்ணீர் என்றால் குளிர்ந்த நீர். வெந்நீர் என்றால் சுடுகின்ற நீர். ஆயினும் நம் வீடுகளிற் 'சுடுதண்ணீர்' என்று கூசாமற் சொல்லி வருகிறோம். சுடுகின்ற குளிர்நீர் எவ்வூரில் உள்ளது என்று எந்த இலக்கண ஆசிரியரும் இதுவரை வழக்குத் தொடுத்ததில்லை. இவ்விரண்டிற்கும் நடுவே, சுடாமலும் குளிராமலும் குழாயில் வந்து நிற்கின்ற நீர் ஒன்று உண்டு. பேச்சுவழக்கில் அதற்கெனத் தனிப்பெயர் இல்லை. 'வெதுவெதுப்பு' என்று அதன் குணத்தை மாத்திரம் சொல்லி விட்டுவிடுகிறோம். அந்தப் பெயரற்ற நீர் எமது இல்லத்தில் விளைத்த கலக்கத்தையும், அதன் பொருட்டு நாம் ஓர் இளைஞருக்கு இழைத்த தவற்றையும் ஈண்டு எழுத முற்படுகிறோம்.

எமது வீடு திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்கு அண்மையில் உள்ளது. இவ்வூரில் வெதுவெதுப்பு இரண்டு காலங்களில் இரண்டு வேடங்களில் வரும். ஆனி, ஆடி மாதங்களிற் கச்சான் காற்று வீசும்போது, நாம் கேளாமலே குழாய் வெந்நீர் தரும். நண்பகலில் வெயிலிலே அலைந்து வந்து, முகம் கழுவலாம் என்று குழாயைத் திறந்தால், முதலில் வருகின்ற இரண்டு செம்பு நீர் கையைச் சுட்டுவிடும். அதன் பின்பு வருவதும் குளிர்வதில்லை. கந்தளாய்க் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுப் பல மைல் தூரம் நிலத்தடிக் குழாய்களில் இந்நகருக்கு வருகிறது. அதுவரையில் அது குளிர்ச்சியாகவே வருகிறது. அதைச் சூடாக்குபவர்கள் நாமே. கூரைக்கு மேலே கறுப்புத் தாங்கியை ஏற்றி, அதிலிருந்து இறங்கும் குழாயைச் சுவரின் மேற்குப் பக்கத்தில் வெயில் படும்படி ஓடவிட்டு, பின்னர் நீர் சுடுகிறதே என்று நோகிறோம். தாங்கிக்கு மேலே ஒரு தகரப் பந்தலோ கிடுகுப் பந்தலோ இட்டு, காற்றுப் புக இடைவெளி விட்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும். வெளிக்குழாய்க்கு வெள்ளை வர்ணம் பூசினால் அல்லது அதை மண்ணிற் புதைத்தால் மீதிக் குறையிலும் பெரும்பங்கு தீரும். இது கச்சான் காலத்துக் கதை. எம்மை வருத்தியது மாரி காலத்துக் கதை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதம். வாடைக் காற்றும் அடைமழையுமாகத் துறைமுகத்தின் மறுகரை கண்ணுக்குத் தெரியாத நாட்கள். எமது தாயார் காய்ச்சலிற் படுத்து எழுந்திருந்தார். வயது எழுபத்து நான்கு. பச்சைத்தண்ணீர் உடலிற் படலாகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அடுப்பிற் காய்ச்சிய நீரைக் குளியலறைக்குத் தூக்கிச் செல்வதில் எமது மனைவியாரின் கையில் ஒருமுறை கொப்புளம் கண்டது. ஆகவே மின்சாரத்தாற் சூடேற்றும் தாங்கி ஒன்றை வாங்கினோம். முப்பது லீற்றர் கொள்வது. இரண்டு கிலோவாற்று வலுவுடையது. அதைப் பொருத்தியவர் எம்மிடம் முன்னர்க் கணக்குப் பாடம் பயின்ற மாணவர். குழாய் வேலையும் மின்வேலையும் கற்றுச் சொந்தமாகத் தொழில் நடத்துகிறார். தாங்கியை இரண்டு குளியலறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் ஏற்றி, இரண்டிற்கும் குழாய் விட்டார். அன்று மாலை நாம் மழையில் நனைந்தபடி கல்லூரியிலிருந்து வந்து, குழாயின் கீழே கையை நீட்டினோம். நல்ல சூடாக இருந்தது. மகிழ்ந்து, பேசிய கூலிக்கு மேலும் சிறிது சேர்த்துக் கொடுத்தோம்.

நான்கு நாட்கள் சென்றன. ஒவ்வொரு நாளும், "சூடு போதுமா அம்மா?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்போம். "நல்ல சூடு தம்பி" என்று உள்ளிருந்து விடை வரும். ஐந்தாம் நாள் துவாய் கொண்டு சென்ற எமது மகள் ஓடிவந்து, "அப்பா, அப்பம்மாவுக்குக் கை நடுங்குது, தண்ணி சுடவே இல்லை" என்றாள். போய்ப் பார்த்தோம். தாயார் உதடு வெளிறி முக்காலியில் அமர்ந்திருந்தார். "காசு கொடுத்துப் பூட்டினது, குறை சொல்லக் கூடாது என்று இருந்தேன்" என்றார்.

கல்லூரி ஆய்வுகூடத்திலிருந்து வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி வந்து அளந்தோம். 34 பாகை செல்சியஸ் காட்டியது. மனித உடலின் சூடு 37 பாகை. உடலைவிடக் குளிர்ந்த நீரையே வெந்நீர் என்று நாம் அவருக்கு ஊற்றி வந்திருக்கிறோம். அப்படியாயின் முதல் நாள் எமது கை ஏன் சூடு என்று சொல்லிற்று? 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் இதனை விளக்கியிருக்கிறார். ஒரே நீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிராகவும் தோன்றக்கூடும் என்பது அவர் கூற்று. ஒரு கையைச் சுடுநீரிலும் மறு கையைக் குளிர்நீரிலும் சற்று நேரம் வைத்து, பின்னர் இரண்டையும் ஒரே பாத்திரத்து நீரில் அமிழ்த்திப் பார்க்கும் மாணவர் எவரும் இதனை உணரலாம். முதல் நாள் மழையிற் குளிர்ந்து விறைத்திருந்த எமது கைக்கு வெதுவெதுப்பு வெந்நீராகப் பட்டது. எமது கையும் பொய் சொல்லிற்று. தாயாரின் வாயும் பொய் சொல்லிற்று. ஒன்று அறியாமையால், மற்றொன்று அன்பினால்.

இளைஞரை அழைத்தோம். மழையோடு வந்தார். சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட்டை உச்ச அளவுக்குத் திருப்பும்படி நாமே வற்புறுத்தினோம். அவரும் தயங்கித் தயங்கித் திருப்பினார். மறுநாளும் வெதுவெதுப்பே வந்தது. இரண்டாம் முறை வந்து, மின்சாரத்தை நிறுத்தித் தாங்கியைத் திறந்து, சூடேற்றும் கம்பியைச் சோதித்தார். பின்னர் தாங்கியிலிருந்து வெளிவரும் குழாயைத் தொட்டுப் பார்த்து, "சேர், தாங்கியிலே குறையில்லை. இதிலே நல்ல சூடு இருக்கு. வழியிலேதான் ஏதோ நடக்குது" என்றார். அது சாக்குப்போக்கு என்றே எமக்குப் பட்டது. அவருடன் வந்திருந்த உதவிப் பையனின் முன்னிலையில், "வகுப்பிலேதான் கவனக்குறைவு என்று பார்த்தால், தொழிலிலுமா?" என்று சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. கருவிகளைப் பையிலிட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

உள்ளிருந்து தாயாரின் குரல் கேட்டது. "அந்தப் பிள்ளையை ஏன் ஏசுகிறாய்? கன்னியாவிலே ஏழு கிணறும் ஒரே மண்ணிலேதானே இருக்கு? ஒன்று சுடும், பக்கத்திலே உள்ளது வெதுவெதுக்கும். அதற்கு யாரைப் போய் ஏசுவது?"

கன்னியா வெந்நீரூற்றுக்களை அறியாதவர் இம்மாவட்டத்தில் இலர். நகரிலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதியில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் சென்று உள்ளே திரும்பினால், சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள் அருகருகே இருக்கும். குனிந்து வாளியால் அள்ளி ஊற்றத் தக்க ஆழமே அவற்றுக்குண்டு. இராவணன் தன் தாயாரின் இறுதிக்கடனை ஆற்றுதற்காக உண்டானவை இவை என்பது வழிவழி வந்த கதை. அதனாலேயே இப்பகுதிச் சைவ மக்கள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியாவுக்குச் செல்வதை மரபாகக் கொண்டனர். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின், வீதிகள் திறந்திருந்த நாட்களில், அம்மம்மாவின் அந்தியேட்டிக்குத் தாயாருடன் நாமும் அங்கு சென்றிருந்தோம். ஏழு கிணற்றிலும் ஒவ்வொரு வாளி ஊற்றிக்கொண்டு, எது கூடச் சுடுகிறது என்று தாயார் அன்று சிறுபிள்ளைபோல ஒப்பிட்டுப் பார்த்தது இன்றும் நினைவில் உள்ளது.

இலங்கையில் உயிருள்ள எரிமலை இல்லை. ஆயினும் கன்னியா முதல் மகாஓயா, மகாபெலெஸ்ஸ வரை வெந்நீரூற்றுக்கள் பல உள்ளன. மழைநீர் பாறை வெடிப்புக்களின் வழியே மிக ஆழத்திற்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்திற்கும் ஏறத்தாழ 25 பாகை வீதம் சூடு கூடும் என்பது பொதுக்கணக்கு. அவ்வாறு சூடேறிய நீர் வேறொரு வெடிப்பின் வழியே மேலே வருகின்றது. வரும் வழியில் மேல்மண்ணிலுள்ள குளிர்ந்த ஊற்றுநீர் அதனுடன் கலக்கின்றது. கலப்புக் குறைந்த இடத்திற் சூடு கூடும். கலப்பு மிகுந்த இடத்திற் சூடு குறையும். அடியிலுள்ள அடுப்பு ஒன்றாயினும், வழியில் நேரும் கலப்பு வேறுபடலாம் அன்றோ?

'வழியிலேதான் ஏதோ நடக்குது' என்று அந்த இளைஞர் சொன்னதும் இதுவே. இதை எண்ணியபோது எமக்கு நெஞ்சு சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, நாம் அழையாமலே அவர் மூன்றாம் முறை வந்தார். தொழில் பழக்கிய பெரியவரிடம் கேட்டு ஒரு சோதனையை அறிந்து வந்திருந்தார். மின்சாரத்தை நிறுத்தினார். தாங்கிக்குள் பச்சைத்தண்ணீர் செல்லும் வால்வை இறுக மூடினார். பின்னர் தாயாரின் குளியலறையிற் சுடுநீர்க் குழாயைத் திறந்தார். உள்ளே நீர் புகாவிட்டால் வெளியே நீர் வரலாகாது. சில கணங்களில் ஓட்டம் நின்றுவிட வேண்டும். எமது குழாயிலோ நிற்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நீர் ஓடிக்கொண்டே இருந்தது. கையை வைத்தோம், முழுப் பச்சைத்தண்ணீர்! சுடுநீர்க் குழாய்க்குள் எங்கிருந்தோ குளிர்நீர் புகுந்துகொண்டிருந்தது.

அவர் நேரே மற்றக் குளியலறைக்குச் சென்றார். அது நாம் பயன்படுத்துவது. அங்கே கையிற் பிடித்துக் குளிக்கும் ஷவர் ஒன்று உண்டு. சுடுநீருக்கு ஒரு திருகு, குளிர்நீருக்கு ஒரு திருகு. இரண்டும் கலந்து ஒரே குழாயால் கைப்பிடிக்கு வரும். கைப்பிடியிலும் நீரை நிறுத்தும் பொத்தான் ஒன்றிருந்தது. நாள்தோறும் இரண்டு திருகையும் சரிசெய்து நேரம் போக்குவானேன் என்று, எமக்கு இதமான அளவில் இரண்டையும் திறந்தபடியே விட்டு, கைப்பிடிப் பொத்தானை மாத்திரம் மூடிவிடுவது எமது வழக்கம். அதை ஒரு சாதுரியம் என்று மனைவியாரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறோம். பொத்தான் மூடியிருந்தபடியால் நீர் வெளியே வரவில்லை. ஆனால் இரண்டு திருகும் திறந்திருந்தபடியால், பின்னால் குளிர்நீர்க் குழாயும் சுடுநீர்க் குழாயும் ஒன்றோடொன்று இணைந்து கிடந்தன. தாயார் தமது குழாயைத் திறந்தபோதெல்லாம், தாங்கியின் சுடுநீரோடு எமது ஷவரின் வழியாகப் பச்சைத்தண்ணீரும் ஓடிவந்து கலந்தது.

இளைஞர் இரண்டு திருகையும் மூடினார். அங்கே குழாயின் ஓட்டம் நின்றது. குற்றவாளி அகப்பட்டான், அவன் வேறெவனும் அல்லன், நாமே.

அவர் அத்துடன் போய்விடவில்லை. எமது வற்புறுத்தலால் உச்சத்திற்குத் திருப்பிய தேர்மோஸ்டாட்டை மறவாமற் கீழே இறக்கினார். கலப்பு நின்ற பின் அதே உச்சச் சூடு முழுவதும் முதியவர் உடலில் விழுந்திருந்தால் என்னாகும்? 60 பாகை நீர் சில விநாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் விரைவில். நாம் அதை நினைக்கவே இல்லை. அவர் நினைத்தார்.

உதவிப் பையனும் நின்றிருந்தான். ஏசியது எவர் முன்னிலையிலோ, பொறுத்தருளக் கேட்பதும் அவர் முன்னிலையிலேயே ஆகவேண்டும் அல்லவா? "தம்பி, அன்றைக்குச் சொன்னது பிழை. கவனக்குறைவு எங்களுடையது" என்றோம். அவர் நாணத்துடன், "விடை பிழைத்தால் கடைசி வரியை அழிக்காதே, முதல் வரியிலிருந்து பார் என்று நீங்கள்தானே சேர் படிப்பித்தது" என்றார். இருபதாண்டுகள் பிறருக்குச் சொன்ன பாடத்தை எமது வீட்டுக் குளியலறையில் நாம் மறந்திருந்தோம்.

அன்று அவரிடம் கற்றவற்றை வாசகர்களின் பயன் கருதித் தொகுத்துச் சொல்கிறோம். வெந்நீர் வெதுவெதுத்தால் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, குறை ஒரு குழாயிலா, எல்லாக் குழாயிலுமா என்பது. ஒரு குழாயில் மாத்திரமாயின் அந்தக் குழாயின் கலப்புத் திருகைச் சந்தேகிக்கலாம். தாங்கிக்கும் குழாய்க்கும் இடையே தூரம் மிகுதியாயின், குழாயில் ஆறிக்கிடந்த நீர் முதலில் வந்து தீரவேண்டும். சற்றுப் பொறுத்தாற் சூடு வந்துவிடும். எல்லாக் குழாயிலும் குறையாயின், மேலே சொன்ன வால்வுச் சோதனையைச் செய்க. நீர் நில்லாது ஓடினால் எங்கோ கலப்பு உண்டு. திருகுகளை மூடி வைப்பதும், தேவையான இடத்தில் ஒருவழி வால்வு பொருத்துவதும் அதற்குப் பரிகாரம்.

ஓட்டம் நின்றும் சூடு போதாவிட்டாற் குறை தாங்கியில் இருக்கலாம். உப்பும் சுண்ணமும் மிகுந்த கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில், சூடேற்றும் கம்பியின் மேல் வெண்ணிறப் படிவு தடித்துப் பிடிக்கும். அப்போது சூடு நீரிற் சேரத் தாமதமாகும், கம்பியும் கெடும். தேர்மோஸ்டாட் பழுதாவதும் உண்டு. இவையெல்லாம் மின்சாரத்தோடு தொடர்புடையவை. தொழில் அறிந்தவரே திறக்க வேண்டும். ஈரக் கையோடு நாம் ஆராய்ச்சி செய்யலாகாது.

சிலவேளைகளில் எதிலுமே பழுதிராது, கணக்கே பிழைத்திருக்கும். எமது முப்பது லீற்றர்த் தாங்கி 27 பாகை நீரை 60 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 35 நிமிடம் எடுக்கும். ஒருவர் குளித்து முடித்தவுடன் மற்றவர் சென்றால் வெதுவெதுப்பே கிடைக்கும். தாங்கி இல்லாமல், ஓடுகின்ற நீரை உடனுக்குடன் சூடேற்றும் பெட்டிகளும் உண்டு. மூன்றரைக் கிலோவாற்றுப் பெட்டி ஒன்றின் வழியே நிமிடத்திற்கு மூன்று லீற்றர் ஓடினால் சூடு ஏறத்தாழ 17 பாகை உயரும். ஆறு லீற்றர் ஓடினால் 8 பாகையே உயரும். குழாயைக் கூடத் திறந்து விட்டுச் சூடு போதவில்லை என்பது, ஒரு படி அரிசியில் ஊருக்கெல்லாம் சோறு போதவில்லை என்பதை ஒக்கும். வாளியும் கடிகாரமும் கொண்டு நிமிடத்திற்கு எத்தனை லீற்றர் என்று பிள்ளைகளைக் கொண்டே அளந்து பார்க்கலாம்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. தாங்கிக்குள்ளேயே நீரை வெதுவெதுப்பாக வைத்திருப்பது நன்றன்று. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், முன்னாள் படைவீரர் சங்க மாநாட்டிற்கு வந்தவர்களுட் பலர் புதுவகை நுரையீரல் நோய்க்கு ஆளாகி இறந்தனர். 1977இல் அதன் காரணமான கிருமி கண்டறியப்பட்டு, லெஜியனெல்லா எனப் பெயர் பெற்றது. அது 20 முதல் 45 பாகை வரையான நீரிற் செழித்து வளரும். 60 பாகையில் மடியும். ஆதலால் தாங்கியில் 60 பாகையளவில் வைத்து, குழாயிற் குளிர்நீர் கலந்து இதமாக்கிக் கொள்வதே முறை. முதியவர் குளிக்குமுன் வீட்டார் ஒருவர் நீரைக் கலந்து சோதிப்பதும் கட்டாயம்.

அந்த ஞாயிறு மாலை தாயார் நெடுநேரம் குளித்தார். கதவுக்கு வெளியே நின்று கேட்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட்டோம். வாளியிற் கலந்த நீரைத் தொட்டுப் பார்த்துத்தான் அவரை உள்ளே அனுப்பினோம்.

அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் அவர் காலமானார். அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குச் சென்றோம். குடங்களையும் வாளிகளையும் சுமந்துகொண்டு அந்த இளைஞரும் உடன் வந்திருந்தார். கிரியைகள் முடிந்து குளிக்கும் வேளை, கச்சான் காற்றும் வெயிலுமாக இருந்தது. ஏழு கிணறுகளுள் ஒன்றிலிருந்து ஒரு வாளி அள்ளித் தலையில் ஊற்றினோம்.

"சூடு போதுமா அப்பா?" என்று மகள் கேட்டாள்.

"நல்ல சூடு" என்றோம்.

அவள் அதை நம்பவில்லை. குனிந்து, வாளிக்குள் தன் கையை வைத்துப் பார்த்தாள்.